கறார் பேர்வழிக்கு ஓர் இறுதி அறிவிப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மரியாதையுடன் தங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடை வியாபாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனிதர்களுக்குத் தலைவலி இருக்கிறவரை மருந்துக்கடைக்கு என்ன குறை. இங்கே நாங்கள் நால்வரும் உடம்பால் சௌக்கியம். மனசால் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பக்கத்து அறையில் மகள் காதில் விழுந்துவிடும், தவிர இதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆகையால் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சம்பந்தியம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளவும். தண்ணீர் ஒரு செம்பு எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

விஷயம் இதுதான். தங்கள் மகனை, அதாவது எங்கள் மாப்பிள்ளையை, கண்டவனெல்லாம் திட்டுகிறான். வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். பகலெல்லாம் திட்டுகிறான். அவரும் அதைப் படித்துவிட்டுப் பல் துலக்கப் போகிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பணி ஓய்வு கிடைத்ததும், மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் என் மனைவியும் கிளம்பி வந்தோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார் என்பது தெரியும். என்ன வேலை என்பது சரியாகத் தெரியாது. கல்யாணத்தின்போது கேட்டதற்கு, “ரிவ்யூ பண்றேன் மாமா” என்றார். ஏதோ கணக்குத் தணிக்கை அதிகாரி போலிருக்கிறது என்று நானே எண்ணிக்கொண்டு, என் ஆபீஸ் முழுக்க அப்படியே சொல்லிப் பெருமையடித்துவிட்டேன். இங்கே வந்த மறுநாள் அவருடைய அறைக் கதவைத் திறந்தேன் பாருங்கள், தூக்கி வாரிப் போட்டது! சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஜன்னலை அடைத்திருக்கிறது. நடுவில் ஒரு மைக். மாப்பிள்ளை இரண்டு கையாலும் ஒரு கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரு கோட்டையைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், “ரெண்டு நிமிஷம் மாமா, வடக்குச் சுவர் இடிஞ்சுட்டிருக்கு” என்கிறார். இப்படி நாலைந்து நாள் காவல் காத்துவிட்டு, பிறகு அந்த மைக் முன்னால் உட்கார்ந்து, கோட்டை எப்படி, எதிரி எப்படி, கதை எப்படி என்று விலாவாரியாகப் பேசி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு உலகத்துக்கே காட்டுகிறார். இதற்குச் சம்பளமும் வருகிறதாம். நான் அப்படியே கட்டிலில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை, காலம் மாறிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த அதிர்ச்சி அதைவிடப் பெரிது. அந்தக் கோட்டை விளையாட்டுக்கு மாப்பிள்ளை பத்துக்கு ஐந்து போட்டார். மற்ற விமர்சகர்கள் எல்லோரும் ஒன்பது, பத்து என்று போட்டிருக்கிறார்கள். வந்ததே வினை! நான் செய்தி பார்ப்பதற்காக மகள் தன்னுடைய டேப்லெட்டைக் கொடுத்திருந்தாள். அதில் விரலை எங்கோ வைத்தேன், மாப்பிள்ளையின் வீடியோ வந்தது. அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். ரத்தக்காட்டேரி என்று ஒருவர். சொந்தப் பெயரில் எழுதமாட்டார்களாம், இப்படித்தான் வைத்துக்கொள்வார்களாம். அவர் எழுதுகிறார்: “அஞ்சு மார்க்கா? உன் பல்லை ஒவ்வொண்ணா கழட்டி உன் கையிலேயே குடுக்கறேன், எண்ணிப் பாத்துக்கோ.” மண்டையோட்டு மகாராணி என்று ஒருவர்: “உனக்கெல்லாம் மைக் ஒரு கேடா? போய் மூலையில முட்டி போடு. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.” இதற்கு நடுவே, மாப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தை இந்தக் கூட்டம் திட்ட, இந்தக் கூட்டத்தின் பெற்றோரை அந்தக் கூட்டம் விசாரிக்க, ஒரே ரகளை. இல்லாத கோட்டைக்காக இருக்கிற மனிதர்கள் இப்படி அடித்துக்கொள்வதை நான் கண்டதே இல்லை சம்பந்தி.

இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒருத்தர் இருக்கிறார். கறார் பேர்வழி என்று பெயர். அவர் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன், சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொள்ளட்டும்: “அஞ்சு போட்டிருக்கியே, வெட்கமா இல்ல? மூணுக்கு மேல தேறாத கேமுக்கு ஊருக்குப் பயந்து ரெண்டு மார்க்கைத் தூக்கிப் போட்டிருக்கே. மூணாவது கோட்டைக்குப் பின்னால ஒரு வாசல் இருக்கு. அதுல நுழைஞ்சா எதிரி ஒருத்தன்கூட இல்ல, கொட்டாவி விட்டுக்கிட்டே ஜெயிக்கலாம். அதைச் சொன்னியா நீ? முதல்ல நேரா உட்காரு. முதுகைக் கூனிக்கிட்டு எவன் பேசினாலும் எவன் நம்புவான்? இந்தப் பயத்தைக் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு விட்டுத் தொலை. அஞ்சு நாள் விடாம செய். நடுவுல நிறுத்தினா திரும்ப வரும்.”

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! ஊரெல்லாம் மார்க் குறைச்சல் என்று திட்டுகிறது, இந்த ஆள் மட்டும் மார்க் அதிகம் என்று திட்டுகிறார். பழைய வீடியோக்களைப் புரட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் வந்ததிலிருந்து ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இவர் இருக்கிறார். மாப்பிள்ளை நல்லது என்றால் இவர் குப்பை என்கிறார். மாப்பிள்ளை குப்பை என்றால், பொறுமை இல்லாதவனுக்கு எல்லாமே குப்பைதான் என்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு ‘நேரா உட்காரு’ உண்டு. மாப்பிள்ளையாவது மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு விளையாடுகிறார். இந்த ஆளும் ஒரு விளையாட்டு பாக்கியில்லாமல் கடைசிக் கட்டம் வரை ஆடி முடித்துவிட்டு வந்துதான் திட்டுகிறார். வேலைவெட்டி இல்லாத மனுஷர் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். இதில் என்னை உறைய வைத்தது என்ன தெரியுமா? மாப்பிள்ளை இந்த ஆளுடைய வசவை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி, பின் பண்ணி வைத்திருக்கிறார். திட்டியவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்களா யாராவது? தவிர, வீடியோ போட்டதும் முதலில் இந்த ஆள் வந்துவிட்டாரா என்றுதான் தேடுகிறார். வந்திருந்தால் படித்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிறார். பயம் முற்றிப்போனால் சிரிப்பு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா, இத்தனை பேர் புகார் குடுத்திருக்காங்களே, யார் பதில் போடறது?”

“யாரும் போட மாட்டாங்கப்பா. இதுக்கெல்லாம் பதில் போட ஆரம்பிச்சா வேற வேலை பாக்க முடியாது” என்றாள், துணி மடித்துக்கொண்டே.

சம்பந்தி, நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். பதில் போகாத புகார் என்று ஒன்று என் மேஜையில் கிடந்ததே இல்லை. தண்ணீர் போனதா என்பது வேறு விஷயம், பதில் போய்விடும். மனுஷன் ஏன் கத்துகிறான்? யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் கத்துகிறான். வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு என்னால் ஆன உதவி இதுதான் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த டேப்லெட்டில் நான் எது எழுதினாலும் மாப்பிள்ளை பெயரில்தான் போகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அலுவலகத்திலும் நான் எழுதுவேன், கையெழுத்து அதிகாரியுடையது.

‘திரு. ரத்தக்காட்டேரி அவர்களுக்கு: தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது. பல் கழற்றுவது தொடர்பான தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. புகார் எண் ஒன்று. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று ஆரம்பித்தேன். மகாராணிக்குச் சாதாரண மரியாதை போதாது என்று, ‘மேன்மை தங்கிய மண்டையோட்டு மகாராணி அவர்களுக்கு: இவ்வீட்டின் மூலைகள் அனைத்திலும் அலமாரிகள் உள்ளபடியால், முட்டி போடுவது குறித்த தங்கள் உத்தரவை நிறைவேற்ற இயலாத நிலையில் உள்ளோம்’ என்று எழுதினேன். கை பழகிய வேலை, விறுவிறுவென்று போயிற்று. பொழுது சாய்வதற்குள் ஒரு பெரிய கட்டுக்குப் பதில் போட்டுவிட்டு, மனத்திருப்தியோடு காபி குடித்தேன்.

மறுநாள் பார்த்தால் கலவரம்! மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று ஒரு கட்சி. இல்லை, திமிராக நக்கல் செய்கிறார் என்று ஒரு கட்சி. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வீட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டும் என்று மூன்றாவதாக ஒரு கட்சி. இது போதாது என்று, புகார் எண் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், ஐந்து மார்க் மிகவும் நியாயம் என்று பாராட்டி எழுதிவிட்டு, எனக்கும் ஓர் எண் கொடுங்கள் என்று கெஞ்சினார். பாராட்டுக்கு எண் வழங்க விதிகளில் இடமில்லை என்று பதில் போட்டேன். மனுஷர் கோபத்தில் மாப்பிள்ளையை நாலு வரி திட்டி எண் வாங்கிக்கொண்டு போனார். என்ன ஜனங்களோ!

மாப்பிள்ளை டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். “மாமா... இது நீங்களா?”

“ஆமாம் மாப்பிள்ளை. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் பரிசீலனைக்கு எடுத்தாச்சு” என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை சம்பந்தி, விழுந்து விழுந்து சிரித்தார். “ஜாலியாத்தான் இருக்கு, எழுதுங்க மாமா. ஆனா ஒண்ணு, வீட்டு அட்ரஸ் மட்டும் எங்கேயும் போட்டுடாதீங்க.”

“அட்ரஸா?” என்றேன். “போட்டுட்டேனே!”

போட்டிருந்தேன். புகாருக்கு எழுத்தில் பதில் போதவில்லை என்றால் நேர்முக விசாரணைக்கு அழைக்கவேண்டும், அதுதான் முறை, ஆகையால் கடுமையாகத் திட்டிய மூன்று பேரை அழைத்திருந்தேன். அழைப்பாணையில் விலாசம் இல்லாவிட்டால் எப்படி வருவார்கள்? ‘மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது, படியேறி வரவும்’ என்பதுவரை தெளிவாக எழுதியிருந்தேன். மகள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். “அப்பா! பல்லைக் கழட்டறேங்கிறான், அவனுக்கு வழி சொல்லியிருக்கீங்களே!” என்று கத்தினாள். அழித்துவிட்டார்கள், ஆனால் பார்க்கவேண்டியவர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள்.

விசாரணை நாளன்று, அழைப்பை அழித்தாயிற்று என்ற தைரியத்தில் மாப்பிள்ளையும் மகளும் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார்கள். வாசல் மணி அடித்தது. என் மனைவி கையில் கரண்டியோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். திறந்தால், இஸ்திரி போட்ட சட்டையில் ஒல்லியாக ஒருத்தர், மூச்சு வாங்கிக்கொண்டு, “செருப்பை வெளியே விடட்டுங்களா?” என்றார். இவர்தான் ரத்தக்காட்டேரி! பல் டாக்டராம். தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கிறாராம். அவர் பின்னாலேயே ஒரு பெண், குருவி மாதிரி குரல், கையில் எங்களுக்காக ஒரு பை நிறையப் பழம். மண்டையோட்டு மகாராணி! மழலைப் பள்ளியில் டீச்சராம். இருவரையும் உட்கார வைத்தேன். மூன்றாவதாக நீலச் சட்டையில் ஒருவர் வந்தார். அவரையும் உட்கார வைத்து, ஐந்து மார்க் பற்றிப் பிரமாதமாக விசாரித்து, அவரும் கோட்டை விளையாட்டு தனக்கும் பிடிக்கவில்லை, தன் மச்சான்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்றெல்லாம் விவரமாகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவர் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர் என்று.

டீ கொடுத்தோம். ஆளுக்கொரு ஓரமாக அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். “என்னங்க, இப்படியா எழுதறது?” என்று டாக்டரைக் கேட்டேன். “தப்புதாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேமுங்க அது. பிடிக்கலைன்னு யாராவது சொன்னா, என்னையே பிடிக்கலைன்னு சொல்ற மாதிரி இருக்கு” என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கே பாவமாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்து டீச்சர், “ஆனா ரெண்டாவது கோட்டை கொஞ்சம் போர்தான்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். “போரா? ரெண்டாவது கோட்டையா?” டீச்சரும் எழுந்தார். “முதல்ல உக்காருங்க. கையைக் கட்டுங்க” என்றார். மாப்பிள்ளையைத் திட்ட வந்தவர்கள் மாப்பிள்ளையை மறந்துவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்தபோது இதுதான் காட்சி. அவர் அரண்டுபோய் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்துகொண்டார். இருட்டும்வரை ஒரே பேச்சு. போகும்போது டாக்டர், “உங்க பின்பல்லு ஒண்ணு சரியில்ல சார், கிளினிக் வாங்க, பாத்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து மார்க்கை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டேன் சம்பந்தி. மனுஷனுக்குக் கோபம் வந்தால் அவன் தொழில் தானாக வெளியே வந்துவிடுகிறது. பல் டாக்டர் பல்லைக் கழற்றுகிறேன் என்றார், டீச்சர் மூலையில் முட்டி போடச் சொன்னார். உடனே எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. அந்தக் கறார் பேர்வழி யார்? காலை, ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு! சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவர் யார்? ஹோட்டல்காரர்! எந்தச் சந்தேகமும் இல்லை. நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்கிறாரே, அது ஏப்பமாக இருக்கவேண்டும். என் துப்பறியும் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது. என் மனைவியிடம் சொல்லலாம் என்று போனால், அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு வந்த மூவரும், லிஃப்ட்காரர் உட்பட, ஒரே குரலில் சொன்னது இதுதான்: “மத்தவங்களை விடுங்க சார், அந்தக் கறார் பேர்வழி வாய்தான் ரொம்ப நீளம்.” அழைத்தும் வராதவர் அவர் ஒருவர்தான். ஆகையால் முறைப்படி அவருக்கு இறுதி அறிவிப்பு அனுப்பினேன். ‘தாங்கள் நேர்முக விசாரணைக்கு ஆஜராகாதபடியால், தங்கள் புகார் இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது. இனி தங்கள் கருத்து எதுவும் இவ்விடம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. இவ்வீட்டுக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது தெரிவிக்கப்படுகிறது.’ என் பணிக்காலத்தில்கூட இவ்வளவு கறாராக எழுதியதில்லை. கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு சொல். ‘சரி.’

அவ்வளவுதான், ஆள் காணாமல் போய்விட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடெல்லாம் ஓடிச் சொன்னேன். மாப்பிள்ளை அடுத்த வீடியோ போட்டார். எல்லோரும் வந்து திட்டினார்கள், கறார் பேர்வழி வரவில்லை. அதற்கடுத்த வீடியோ, அதிலும் வரவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவேண்டாமா மாப்பிள்ளை? செய்யவில்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் வந்து, “மாமா, அவருக்கு ஏதாவது எழுதினீங்களா?” என்றார். பெருமையாக எடுத்துக் காட்டினேன். படித்தார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. “யாதொரு சம்பந்தமும் இல்லைன்னு எழுதினீங்களா? என் பேர்லயா?” என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மைக்கின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். வீடியோ இல்லை, கோட்டை இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து போன் வருகிறது, எடுப்பதில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். மகள் என்னோடு பேசுவதே இல்லை, காபி டம்ளரை மட்டும் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். நான் என்ன தப்புச் செய்துவிட்டேன்? திட்டியவன் தொலைந்தான் என்று சந்தோஷப்படாமல் யாராவது இப்படி இடிந்துபோய் உட்காருவார்களா? வேலையே போய்விடும் போலிருக்கிறது சம்பந்தி. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். கடையில் உட்கார மாட்டேன் என்று அவர் சொன்னதும், பொம்மை விளையாட்டை நம்பிப் போகிறவன் என் வாசற்படி ஏறவேண்டாம் என்று தாங்கள் சொன்னதும், பெற்ற மகன் கல்யாணத்தில் யாரோ மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் போனதும் நான் பார்த்ததுதான். இருந்தாலும் தகப்பன் தகப்பன்தானே? தாங்கள் நேரில் வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ஹோட்டல்காரரை எங்கேயாவது கண்டால், மறுபடியும் இந்தப் பக்கம் தலைகாட்டாதபடி நாலு வாங்கு வாங்கவும். கடையில் மனத்தெம்புக்கு ஏதாவது நல்ல மருந்து இருந்தால் கொடுத்தனுப்பவும். எப்படிச் சாப்பிடுவது என்று மறக்காமல் கவர்மேல் எழுதவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். தாங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வியாபாரத்தோடும் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: ஐயோ சம்பந்தி! மேலே எழுதியதெல்லாம் ரத்து!

எந்தக் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்று காலை வாசித்தேன். கறார் பேர்வழி எழுதிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “அந்த வரியை இன்னொரு தடவை படிங்க.” படித்தேன். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பிறகு, அஞ்சு நாள் விடாம... ஏங்க, இதுவாங்க ஹோட்டல்காரர்? இது மாத்திரைக் கவர்ல எழுதிக் குடுக்கறதில்லையா?” என்றாள். பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். மகள் சமையலறையிலிருந்து வந்து, இத்தனை நாள் கழித்து என்னோடு பேசினாள். “அப்பா, அது யாருன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா? அவர் அப்பாதான். முதல் நாளே இவருக்குத் தெரியும். ‘நேரா உட்காரு’ன்னு இவர்கிட்ட உலகத்துல வேற யாரும் சொன்னதில்ல.”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“தெரியும்னு சொன்னா அவர் நிறுத்திடுவாரேப்பா.”

தாங்கள் கடையின் பின்னறையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களைக் காக்க வைத்துக் கோட்டை காக்கிறீர்கள் என்று சம்பந்தியம்மா என் மகளிடம் என்றைக்கோ சொல்லிவிட்டார்களாம். இப்போது சில நாளாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களாம், காய்ச்சல் மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்து கொடுத்தீர்களாம். எல்லாம் நான் செய்த வேலை. அப்பனும் மகனும் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள், நான்தான் வாயைப் பொத்திவிட்டேன். ஊரே ஒரு பக்கம் நின்று அடித்தபோது, மூன்றுதான் தேறும் என்று அவரையும் மிஞ்சி அவர் பக்கம் நின்றது தாங்கள் ஒருவர்தான் என்பதுகூட என் மரமண்டைக்கு ஏறவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் என் மனைவி. இவ்வளவு எழுதியபிறகு கிழிக்கக் கை வரவில்லை, அனுப்புகிறேன். ஆனால் இது தங்களுக்கு வந்து சேரவில்லை, தாங்கள் படிக்கவில்லை, மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது தங்களுக்குத் தெரியாது, தங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியவேண்டாம். இறுதி அறிவிப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது, வருந்துகிறோம் என்று கறார் பேர்வழிக்கு முறைப்படி எழுதிவிட்டேன். புகார் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. நேரில் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, அது பிறகு ஆகட்டும். நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று எழுதியவர் தாங்கள். தாங்களே நடுவில் நிறுத்தலாமா?

நான் எழுதியதைக் காட்டியதும் மாப்பிள்ளை எழுந்து போய் மைக்கின்மேல் இருந்த துண்டை எடுத்தார். மதியமே புது வீடியோ வந்துவிட்டது. முன்பே ஆடி முடித்து வைத்திருந்த ஏதோ மீன் பிடிக்கிற விளையாட்டு, ஏழு மார்க் போட்டிருக்கிறார். பல் டாக்டர் அதற்குள் வந்து கத்திவிட்டுப் போய்விட்டார். நானும் பார்த்தேன். வீடியோ முழுக்க, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, மாப்பிள்ளை முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “என்ன மாப்பிள்ளை, முதுகு வலியா?” என்று கேட்டேன். “இல்ல மாமா, வேணும்னுதான்” என்றார். சீக்கிரம் திட்டுங்கள் சம்பந்தி.